பதினொன்று முதல் இருபத்தாறு வரை

வெள்ளிக்கிழமை, காலை நாலே முக்கால்.
ருஸ்தாக் ஏசி உறுமலுக்குள் தூங்குகிறது.
மஞ்சள் பெயின்ட், சிவப்பு, வெள்ளை,
கம்பி பிரஷ், முள் வெட்டும் கத்தரி,
ஆறு லிட்டர் தண்ணீர்.
டிக்கி மூடும் சத்தத்தில்
ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் பூனை மட்டும் விழிக்கும்.

சம்பளம் உண்டா என்றாள் அறைத்தோழி பெல்சிட்டா.
இல்லை.
ஓவர்டைம்?
இல்லை.
அப்புறம் எதற்கு என்றபோது
குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டேன்.

மலைப்பாதையைக் கூறுபோட்டு
கறி பங்கிடுவதுபோல் ஆளுக்கொன்று தந்திருக்கிறார்
கல்ஃபான் வாத்தியார்.
பதினொன்றாம் குறி முதல் இருபத்தாறு வரை
என் பங்கு.
எலும்புதான் அதிகம்:
சரளைச் சரிவு, குடைவேல முள்,
நிழல் என்று சொல்ல
பதினாலாம் குறியில் ஒரு பாறை இடுக்கு.

வெயில் முதலில் மஞ்சளைத் தின்னும்.
அப்புறம் சிவப்பு செங்கல் பொடியாகும்.
வெள்ளை மட்டும் பிடிவாதம்.
வாரம் முழுக்க
அடுத்தவர் ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள் நான்.
நிறம் இறங்கினால் எனக்குத் தெரியும்.
பழைய பெயின்டைச் சுரண்டி, ஊதி,
ஒரு கை அகலத்துக்குத்
திரும்பப் பூசுவேன்.
அடுத்து வருகிறவர் தலை நிமிரும் உயரத்தில்.

பத்தொன்பதில்தான் தகராறு.
பாதை அங்கே இரண்டாகப் பிரிவதுபோல் ஒரு மயக்கம்.
வலது, மேலே போகும்.
இடது, நாற்பது அடி போய்
காய்ந்த அருவியின் உதட்டில் நின்றுவிடும்;
கீழே வெறும் காற்று.
அந்த இடப்பக்கம் யாரோ
ஐந்து கல்லை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிவைத்திருந்தார்கள்.
மலையில் கல் அடுக்கினால் அது வார்த்தை.
இப்படி வா என்று அர்த்தம்.

கலைத்தேன்.
மறுவாரம் அடுக்கியிருந்தது.
கலைத்தேன்.
போட்டோவுக்காக அடுக்குகிற பிள்ளைகளாயிருக்கும் என்று
மதுரைத் தமிழில் திட்டிக்கொண்டே
ஒவ்வொரு கல்லாய்ப் பள்ளத்தில் வீசினேன்.
விழும் சத்தம் கேட்க
மூன்று எண்ண வேண்டும்.
ஏழு வாரம்.

எட்டாவது வெள்ளி
கல் இருந்த இடத்தில் ஆள் இருந்தார்.
நீல ஓவரால், சிமென்ட் படிந்த முழங்கால்.
போனை மலைக்குக் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்திருந்தார்.
அதற்குள் ஒரு குழந்தை
வங்காளத்தில் ஏதோ வாய்ப்பாடு ஒப்பித்தது.
ஏழாவது வரியில் தடுக்கியது.
ஒரு விரலை என் பக்கம் உயர்த்தினார்:
கொஞ்சம் பொறு.
பொறுத்தேன். குழந்தையும்
தடுக்கிய இடத்தைத் தாண்டியது.

பெயர் மொக்லேஸ். கீழே வாதியில்
ரோடு போடும் கேம்ப்.
அங்கே சிக்னல் சுத்தமாக இல்லை மேடம்,
இங்கே மட்டும் ரெண்டு கோடு.
ஒரு அடி நகர்ந்தால் போச்சு, அதனால்
உட்காரும் இடத்துக்குக் கல் வைத்தேன்.
யாரோ தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.
ஆடாக இருக்கும்.

இருக்கும் என்றேன்.

அப்புறம் அவரும் நானுமாய்
ஒரு பெரிய கல்லை உருட்டினோம்.
அதை உருட்ட அவருக்கு நான் தேவைப்படவில்லை;
உதவ விட்டார்.
பிரியும் வாயில் குறுக்காக முழங்கால் உயரம் சுவர்.
நடுவில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன்.
நடந்து வருகிறவர் திரும்பிப் போய்விடுவார்.
தாண்டத் தெரிந்தவர் தாண்டுவார்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஐந்து புதுக் கல் தேடினார். அவர் நான்கு வைத்தார்.
ஐந்தாவது என் கையில் இருந்தது.

பைக்குள் என் போன் இரண்டு முறை அதிர்ந்தது.
எடுக்கவில்லை. எனக்குக்
கீழேயும் சிக்னல் உண்டு.

இரவு கல்ஃபானுக்கு எழுதினேன்:
பதினாலு, பெயின்ட் புதுசு.
பதினேழு, முள் வெட்டியாச்சு.
பத்தொன்பது, தடுப்பு கட்டியாச்சு.
ஆட்டுத் தொந்தரவு இனி இல்லை.